நாலு வயசுப் பிள்ளைக்கு மியூசியம் காட்டுவது தண்டமா?

கேள்வி | 3 மே 2025

கோயம்புத்தூரில் இருந்து மாற்றலாகி மதுரைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கு 4 வயது, 7 வயது. லீவு விட்டதில் இருந்து டிவியும் போனும்தான். எங்காவது மியூசியம் கூட்டிப் போகலாமே என்றால் வீட்டுக்காரர், "ஆறு வயசுக்குக் கீழ உள்ளதுகளுக்கு மியூசியம் காட்டுறது தண்டம், பெட்ரோலுக்குக் கேடு" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 மே, இரவு 10.40

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. எனக்கும் இரண்டு. மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அதனால் ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது.

எழும்பூரில் பெரிய மியூசியத்துக்குள்ளேயே குழந்தைகளுக்கென்று ஒரு தனிக் கட்டடம் இருக்கிறதே, அது மாதிரி நம்ம ஊரில் கிடையாது. இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். போன வருடம் காந்தி மியூசியத்துக்குப் போனோம். உள்ளே விடக் காசு இல்லை, வண்டி நிறுத்த இடம் உண்டு, மர நிழல் உண்டு. சுதந்திரப் போராட்டத்தை வரிசையாகச் சொல்லும் படங்கள் 265. வீட்டம்மா ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பத்தாவது படத்திலேயே சின்னவன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். எழுப்பினால், "தரை ஜில்லுன்னு இருக்குப்பா, நீயும் படு" என்கிறான்.

எனக்கு வந்தது கோபம். வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். அந்தக் கட்டடம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியது என்பார்கள். முந்நூறு வருடம் கழித்து ஒரு பயல் அதைக் கட்டின காரியத்துக்கே பயன்படுத்தியிருக்கிறான்.

ஆக, தண்டமா என்றால், எல்லாவற்றையும் காட்டப் போனால் தண்டம். ஒன்றே ஒன்றைக் காட்டிவிட்டு வெளியே வந்து ஐஸ் வாங்கிக் கொடுத்தால் தண்டம் இல்லை.

4 மே, காலை

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. காந்தி மியூசியம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்றுதான் முதலில் எழுத நினைத்திருந்தேன். காரணம் அந்தத் துணி. 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்தது. ரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. பெரியவர்களே அங்கே வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

சின்னவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் நல்ல சத்தமாக, "ஏப்பா, இன்னும் துவைக்கல?"

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

4 மே, மதியம்

"ரத்தத்தை எல்லாம் பச்சைப் பிள்ளைக்குக் காட்டலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் திட்டம் போட்டுக் காட்டவில்லை, அவன் ஓடிப் போய் நின்றுவிட்டான். "தாத்தாவுக்கு அடிபட்டிருச்சு" என்று சமாளித்தேன். மூத்தவள் விடுவாளா? "அடி இல்லடா, சுட்டுட்டாங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள். திரும்பி வரும்போது வண்டியில் முன்னால் நின்றுகொண்டு கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும் பேசாமல் வந்தான். சிக்னலில், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. பச்சை விழுந்தது, நல்ல காலம்.

அவன் பயப்படவில்லை. மறுநாள் என் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒட்டடைக் கம்போடு வீட்டைச் சுற்றி வந்தான். ஆனால் எல்லாப் பிள்ளையும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டிப் போவதற்கு முன்னால் பதிலை மட்டும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7 மே

காந்தி ஏன் சட்டை போடவில்லை என்று கேட்டால் மதுரைக்காரப் பிள்ளைக்குக் கையோடு கூட்டிப் போய்க் காட்டவே இடம் இருக்கிறது. மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று முழு உடையை விட்டுவிட்டு இடுப்பு வேட்டிக்கு மாறினார். கீழே இப்போது கதர்க் கடை. வீட்டம்மா போர்வை விலை கேட்கப் போனார், நாங்கள் மூவரும் மாடிப்பக்கம் போனோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சட்டை போடாத தாத்தா இங்கதான் சட்டையக் கழட்டுனாரா?" என்று கேட்டுவிட்டு, தன் சட்டைப் பித்தானைக் கழட்ட ஆரம்பித்தான். மேலமாசி வீதியில் தீபாவளிக் கூட்டம் இல்லாத நாளாக இருந்ததால் பிழைத்தேன்.

மூத்தவளுக்கு ஒரு சந்தேகம்: "அப்ப மியூசியத்தை ஏன் இங்க வைக்கல, அங்க வெச்சாங்க?" அரண்மனை பெரிய இடம், இது தெருவோரத்து வீடு என்றேன். 1959 ஏப்ரல் 15-ல் நேரு வந்து திறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பெரியவளிடம் வருடம் சொல்லலாம், ஞாபகம் வைத்துக்கொள்வாள். சின்னவனுக்கு வருடம் எல்லாம் "நேத்து"தான்.

13 மே, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கப் போய் நசுங்கி வந்த களைப்பில் இன்று கடையைத் திறக்கவில்லை. சும்மா கிடப்பானேன் என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு, விரகனூர் ரிங் ரோடு, சிலைமான் எல்லாம் தாண்டி, கொளுத்துகிற வெயிலில் கீழடி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை.

13 மே, இரவு

சிரித்தவர்களுக்கு நன்றி. பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது, குற்றம் முழுக்க என்னுடையது. ஊரில் கிளம்பும்போது போனில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். கட்டுச்சோற்றுப் புளியோதரையை வழியில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தோம். சின்னவனைக் கேட்டால் இன்றைக்கு மியூசியம் பார்த்ததாகத்தான் சொல்கிறான்.

18 மே, ஞாயிறு

இந்தத் தடவை பார்த்துவிட்டோம். அத்தை திருப்புவனத்தில் இருந்து பஸ்ஸில் நேராக அங்கேயே வந்துவிட்டார். (என் மாமியார்தான். பிள்ளைகளுக்கு அம்மாச்சி.) பெரியவர்களுக்கு டிக்கெட் 15 ரூபாய். பத்து மணிக்குத் திறக்கிறார்கள், பத்தேகாலுக்கு உள்ளே இருந்தோம். பதினொன்றரைக்குப் பிறகு வேன் வேனாகக் கூட்டம் வருகிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஓட்டுச் சாய்ப்பு, தூண், நடுவில் வெட்டவெளி. ஒரு கூடத்தை முடித்தால் வெளியே வந்துதான் அடுத்த கூடத்துக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உள்ளே ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், வெளியே வந்து இரண்டு சுற்று ஓடினான், திரும்ப உள்ளே போனான். காந்தி மியூசியத்தில் வாங்கிய அடியில், "ஒரே ஒரு சாமான்தான் பார்க்கிறோம்" என்று முன்கூட்டியே முடிவு செய்து போயிருந்தேன். நான் தேர்ந்தெடுத்தது உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு, பெரிதாக இருக்கும், பிள்ளைக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்ல" என்று கிளம்பிவிட்டான்.

அவனைப் பிடித்து நிறுத்தியது அத்தை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள். பெரிது, சின்னது, ஓரம் கொஞ்சம் கோணலாக. நான் கடந்து போய்விட்டேன். அத்தை நின்றுவிட்டார். "ஏ, இது பாண்டி ஆடுற சில்லுடா." (கட்டம் போட்டு நொண்டி அடிக்கிற விளையாட்டு.)

பக்கத்தில் எழுதியிருப்பதும் அதுதான், வட்டச்சில்லு என்று. ஆனால் அத்தை படித்துவிட்டுச் சொல்லவில்லை. கையில் ஓடும் இல்லை, கல்லும் இல்லை, வெறுங்கையாலேயே தேய்த்துக் காட்டினார். உடைந்த ஓட்டில் நல்ல கனமானதாகப் பார்த்து எடுக்க வேண்டுமாம், மூலையை முதலில் கல்லால் தட்டித் தட்டி உடைக்க வேண்டுமாம், அப்புறம் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டுமாம். ஒரு பக்கமே தேய்த்தால் முட்டை மாதிரி ஆகிவிடும், திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். "இந்தா, இத வெச்சிருந்தவ அவசரக்காரி" என்று கோணலான ஒன்றைக் காட்டினார். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத நாலைந்து பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தன. அவர்களின் அப்பா ஒருவர் என்னிடம், "கைடு எவ்வளவு சார் வாங்குறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

மூத்தவளுக்கு வேறு ஒன்று மாட்டியது. பானை ஓட்டில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் "ஆதன்" என்று கீறியிருப்பது. அவள் வகுப்பில் ஒரு ஆதன் இருக்கிறான். "டீச்சர் டிபன் பாக்ஸ்ல பேர் எழுதச் சொன்ன மாதிரியாப்பா?" அதேதான் என்றேன். அத்தை விடவில்லை: "எங் கல்யாணப் பாத்திரம் அம்புட்டுலயும் பேரு வெட்டியிருக்குல்ல, அது மாதிரி. இல்லன்னா விசேஷ வீட்டுல குடுத்தது திரும்பி வராது."

மொத்தம் ஒன்றரை மணி நேரம். நகை இருந்த பக்கம் வீட்டம்மா மட்டும் தனியாகப் போய் வந்தார். தொடுதிரையில் மூத்தவள் பத்து நிமிடம். ஆட்டக்காய், பகடை எல்லாம் அத்தைக்குப் பிடித்திருந்தது. கப்பல் வணிகம் பக்கம் யாருமே போகவில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

19 மே

எங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் உடைந்த டைல்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. காலையில் இருந்து வாசல்படியில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். டைல்ஸ் தேயாது, படிதான் தேய்கிறது. வீட்டு ஓனர் மாடியில் இருக்கிறார்.

19 மே, இரவு

மூத்தவள் ஆணியை எடுத்து என் புதுச் சில்வர் தூக்கில் பெயர் கீறிவிட்டாள். தமிழி எழுத்தில், மியூசியத்தில் பார்த்துப் பார்த்து எழுதி வந்த தாளை வைத்துக்கொண்டு. முதல் இரண்டு எழுத்து தேறும்.

21 மே

ஒரு திருத்தம். மூத்தவளிடம் "அந்தச் சில்லு 2600 வருடம் பழசு" என்று அடித்துவிட்டிருந்தேன். கடைக்கு வரும் வரலாற்று வாத்தியார் ஒருவர் காதைத் திருகாத குறை. கீழடியில் இருந்து ஆறு கரித்துண்டு மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி வயதைக் கணக்கிட்டார்கள். அதில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டரில் எடுத்ததற்குக் கி.மு. 205. குழிக்குள் கீழே போகப் போகப் பழசு, மேலே வர வரப் புதுசு. எந்தச் சில்லு எந்த ஆழத்தில் கிடைத்தது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே வயது சொல்லக்கூடாது என்றார்.

இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று முழித்தேன். மூத்தவளே சுலபமாக்கிவிட்டாள்: "அழுக்குத் துணிக் கூடை மாதிரி. அடியில இருக்கறது திங்கக்கிழமை யூனிபார்ம்."

22 மே

"நாங்களும் போய்ச் சுற்றியுள்ள தோப்பில் ஓடு பொறுக்கலாமா" என்று கேட்டவருக்கு: வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் மண்ணுக்குள் இன்னும் நிறைய இருக்கிறது, எடுத்து வந்தால் எந்த ஆழம் எந்த இடம் என்ற கணக்கே போய்விடும். மேலே சொன்ன துணிக்கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. சின்னவனுக்கு வீட்டில் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன், டைல்ஸைப் பிடுங்கிக்கொண்டு.

25 மே

இன்று விளாச்சேரி. திருப்பரங்குன்றம் போகிற பக்கம்தான். கொலு பொம்மை செய்கிற ஊர், நவராத்திரிக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே வேலை ஆரம்பித்துவிடுவார்கள். இது மியூசியம் இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள். தெருவில் வாசலுக்கு வாசல் பிள்ளையார் காய்ந்துகொண்டிருக்கிறார், தலை தனியாக, தும்பிக்கை தனியாக. ஒரு அம்மா சின்னவன் கையில் எலுமிச்சம்பழம் அளவு களிமண் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நாற்பது நிமிடம் அவனிடம் இருந்து சத்தமே இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு அமைதியாக நாற்பது நிமிடம் நான் உட்கார்ந்ததில்லை.

கீழடியில் பார்த்த பானைகள் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருந்தனவே, அது எப்படி என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "கவுத்து வெச்சுச் சுட்டா உள்பக்கம் காத்துப் போகாது, கறுத்துரும். காத்துப் படுற பக்கம் சிவக்கும்" என்றார். கறுப்பு-சிவப்புப் பானைக்குத் தொல்லியல் ஆட்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். எனக்கு இத்தனை நாள் அது இரண்டு சாயம் என்று நினைப்பு.

1 ஜூன்

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. கடைசி நாள் என்று நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். முதல் தளத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி. ஏசி. அறிவியல் சாமான்களும் இருக்கின்றன. காசில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்துதான். வெயிலுக்கு இதை அடித்துக்கொள்ள இடம் இல்லை, அவ்வளவுதான்.

8 ஜூன்

மேலே ஒருவர், தான் அமெரிக்காவில் இருப்பதாகவும் அங்கே குழந்தைகள் மியூசியத்தில் எதையும் தொடலாம், ஏறலாம், கவிழ்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். பொறாமையாகத்தான் இருக்கிறது. நியூயார்க்கில் புரூக்ளின் என்ற இடத்தில் 1899-லேயே முதல் குழந்தைகள் மியூசியத்தை ஆரம்பித்துவிட்டார்களாம். இங்கே ஒரு இடத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) சின்னவன் கண்ணாடி மேல் கை வைத்ததற்கு ஒரு ஊழியர் போட்ட சத்தத்தில் மூத்தவள் அழுதுவிட்டாள். தொட்டவன் அழவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த ஊழியர் மேலும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் இருந்து மூத்தவளைக் கூட்டிப் போனபோது 120 பிள்ளைகளை இருபது நிமிடத்தில் வரிசையாக ஓட்டியிருக்கிறார்கள். அவள் பார்த்தது முன்னால் நின்றவளின் ரிப்பன். 120 பேரில் ஆளுக்கு ஒரு கை வைத்தால் கண்ணாடி என்ன ஆகும்? தொட ஆசையா, மகாலுக்குப் போங்கள். திருமலை நாயக்கர் கட்டிய தூணை யாரும் உடைத்துவிட முடியாது. நாங்கள் நாலு பேரும் கை கோத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம். சின்னவன் கை சின்னது, எட்டவில்லை. புறா எச்சம் மட்டும் பார்த்து நில்லுங்கள்.

15 ஜூன்

"ஒரே ஒரு பொருள்" என்று 3-ந்தேதி எழுதினேன் இல்லையா, அதையும் திருத்த வேண்டும். ஒரு பொருள் போதும், ஆனால் அதை நாம் தேர்ந்தெடுக்கக்கூடாது. நான் எடுத்த உறைகிணறு தோற்றுவிட்டது, அத்தையின் சில்லு ஜெயித்தது. இரண்டு பிள்ளை இருந்தால் இரண்டு பொருள், அதனால் பெரியவர்களும் இரண்டு பேர் வேண்டும். கூட ஒரு அம்மாச்சியோ அப்பத்தாவோ கிடைத்தால் விடாதீர்கள். அவர்கள் வீட்டில் புழங்கிய சாமான் பாதி இப்போது கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. கீழடியில் தக்களியைப் பார்த்துவிட்டு அத்தை, தான் பள்ளிக்கூடத்தில் நூல் நூற்ற கதையை ஆரம்பித்தார். மூத்தவள் உடனே, "காந்தி மியூசியத்துல ராட்டை இருந்துச்சே, அதுவும் நூலுக்குத்தானே?" என்றாள். 265 படத்தில் ஒன்றுமே ஏறவில்லை என்று நினைத்திருந்தேன்.

29 ஜூன்

கேள்வி கேட்ட கோயம்புத்தூர்க்காரம்மா கீழடி போய் வந்ததாக எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர்தான் கடைசியில் வெளியே வர மாட்டேன் என்றாராம். நாலு வயசுப் பிள்ளை வாசல் தூணைச் சுற்றியே விளையாடியதாம். பரவாயில்லை, சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் அடுத்த ஞாயிறு மறுபடி காந்தி மியூசியம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விடுவார்கள், அதனால் பத்து மணிக்கே போகிறோம். நான் மகாலுக்கோ நூலகத்துக்கோ போகலாம் என்றேன். சின்னவன்தான் அங்கேதான் போக வேண்டும் என்று ஒரே அடம். தரையில் படுக்கவா என்று கேட்டேன். இல்லையாம். அந்தத் துணியைத் துவைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டுமாம்.